நெகிழியில் தொங்கிய உன் முகம்

இன்று காலை, பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் செல்லும் தெருவோரத்தில், கிழிந்த விளம்பரப் பதாகைகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். கரும்புகை தொண்டையைக் கவ்வியது. நெகிழி எரியும் அந்த நாற்றம் மூக்கில் ஏறிய நொடியில், நண்பா, நீ என் முன்னால் வந்து நின்றாய். சினத்தோடுதான் நின்றாய்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்துக்கு முதுகு காட்டி நின்ற உன் அச்சகத்தின் பின்புறமும் ஒரு காலத்தில் இப்படித்தான் எரிந்தது. பதாகை அச்சிட்டு மிஞ்சிய நெகிழித் துண்டுகளை நீயே கொளுத்துவாய். உன் மகள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்த வாரத்தோடு அதற்கு முடிவு கட்டினாய். நெகிழியில் அச்சிடும் எந்திரத்தை விற்றாய். மரச்சட்டத்தில் வலை கட்டி, நீரில் குழைத்த மையால், பருத்தித் துணியில் அச்சிடத் தொடங்கினாய். சட்டம் கழுவிய நீரைக்கூடச் சாக்கடைக்கு விடாமல் தொட்டியில் தேக்கி வடிகட்டினாய்.

தியாகராய நகர்க் கடைகளுக்கு நீ விதித்த கட்டளை ஒன்று உண்டு. விற்பனை முடிந்ததும் பதாகையைத் திருப்பித் தர வேண்டும். அதையே வெட்டித் தைத்து அந்தக் கடைக்கே பைகளாகக் கொடுப்பாய். துணிக்கடை முதலாளி ஒருவர் முரண்டு பிடித்தார்.

"மழ பெஞ்சா துணி தொங்கிப் பூடும்பா. ஃபிளெக்ஸுன்னா பத்து வருசம் கெடக்கும்."

"ஆடித் தள்ளுபடி பத்து வருசமாண்ணே நடக்கப் போவுது?" என்றாய். அவர் சிரித்துவிட்டார். துணிப் பதாகைக்கே ஒப்புக்கொண்டார்.

எல்லாரும் சிரிக்கவில்லை. வட்டாரப் பிரமுகர் ஒருவரின் பிறந்தநாளுக்குத் தெருவையே மறைக்கும் பதாகை கேட்டார்கள், நெகிழியில் கேட்டார்கள். முடியாது என்றாய். வேறு அச்சகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால், மறுத்தவன் தலை நிமிர்ந்து நடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் மாலை இரும்புக் கம்பிகளோடு ஆட்கள் வந்தார்கள். நான் பேசவிருந்த கூட்டத்தின் துண்டறிக்கையைப் பிழை திருத்தியபடி நானும் அங்கேதான் இருந்தேன்.

"இன்னாடா, அண்ணன் மூஞ்சி ஒனக்கு எளக்காரமா பூட்ச்சா?"

"அண்ணன் மூஞ்சி எதுல போட்டாலும் ஷோக்காத்தான் கீது நைனா. என் கைக்குத்தான் ஃபிளெக்ஸ் வராது."

கம்பி இறங்கியது. சட்டங்கள் நொறுங்கின. சிவப்பு மையும் உன் குருதியும் தரையில் ஒன்றாய் ஓடின. ஒருவன் குரல்வளையைப் பற்றினேன். அவன் என்னைச் சுவரில் அறைந்தான், என் முன்பல் தெறித்தது. உன் வலக்கை எலும்பு முறிந்த ஓசையைக் கேட்டேன். ஒருவன், சட்டம் கழுவிய நீர் தேங்கிய தொட்டியை நோக்கிக் கம்பியை ஓங்கினான். தரையில் கிடந்த நீ அப்போதுதான் அலறினாய்:

"டேய், அத்த மட்டும் ஒடைக்காதடா! அத்தினியும் கூவத்துக்குப் பூடும்!"

அவன் ஒரு நொடி திகைத்தான். பிறகு உடைத்தான்.

மருத்துவமனைக் கட்டிலருகே நான் எரிமலையாய்க் குமுறினேன். "சரி என்று மட்டும் சொல். நாளையே மேடை போட்டு அந்தப் பிரமுகனின் தோலை உரிக்கிறேன்."

"மேடைக்குப் பின்னால இன்னா கட்டுவே மச்சி? ஃபிளெக்ஸுதானே? அத்த மொதல்ல உரி."

உரித்தேன். அன்று முதல் என் மேடைகளுக்கெல்லாம் துணியில் அச்சிட்டுத் தந்தவன் நீ. கட்டுப் பிரியும்வரை இடக்கையாலேயே தந்தாய். எலும்பு கூடியது. அச்சகம் மீண்டது. இதயம்தான் சொல்லாமல் நின்றது.

உன் இறுதி ஊர்வலத்துக்கு வந்தேன். தெருமுனையில் மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது கண்ணீர் அஞ்சலிப் பதாகை. பளபளக்கும் நெகிழி! அதில் சிரித்தது உன் முகம்! கீழே உன் தெரு இளைஞர்களின் பெயர்கள். உன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தாம்; ஊர்வழக்கம் என்று ஓடிப்போய் அச்சடித்து வந்து கட்டிவிட்டார்கள்.

பந்தல்காரரின் கத்தியைப் பிடுங்கினேன். பதாகை கட்டிய மூங்கிலில் ஏறினேன். உன் நெற்றியில் குத்தி மோவாய்வரை இழுத்தேன்.

"யோவ்! பொணம் இன்னும் எடுக்கல, அவர் மூஞ்சிய கிழிக்கிறான் பாரு!"

கல் பறந்து வந்து என் புருவத்தைப் பிளந்தது. காலைப் பற்றி இழுத்துத் தள்ளினார்கள், மிதித்தார்கள். நானும் திருப்பி அடித்தேன். உன்மேல் கொண்ட அன்பால் அவர்கள் அடித்தார்கள். அதே அன்பால் நான் அடித்தேன்.

"வுடுங்கடா அவர!"

உன் மனைவி. அழுது வீங்கிய முகத்தோடு கூட்டத்தைக் கிழித்து வந்தார். பதாகையில் தொங்கிய பாதியைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அண்ணே, அந்தாண்ட புடிங்க. இது மேல தொங்கிக்கினு இருந்தா அவுரு கட்டைலகூட வேவ மாட்டாரு."

இருவரும் இழுத்தோம். என்னை அடித்த கைகளும் வந்து சேர்ந்து இழுத்தன. உன் முகம் எங்கள்மேல் சரிந்து விழுந்தது. அழுதுகொண்டே ஓர் இளைஞன் கேட்டான்: "துணில அடிக்கணும்னா இப்ப யாருகிட்டக்கா போறது?"

பதாகை ஏதுமின்றியே உன்னைச் சுமந்து சென்றோம்.

இன்றும் மேடை ஏறுகிறேன். ஒலிபெருக்கி முன் நின்றதும், கூட்டம் அமைதி கொள்ளும் அந்த ஒரு நொடியில், உன் முகம் நடுவே கிழிந்த ஓசை என் செவியில் சரசரவென எழுகிறது. அது அடங்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. அதன் மேலேயே என் முதற்சொல்லை வைக்கிறேன்.