அடியில் வந்த உப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று ஏஜென்ட் ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண், கவரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், எப்படியும் அவர் கைக்குப் போய்ச் சேரும் என்றாள். முகத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருந்தது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன தடவை நீ பேசியபோது பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்டது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் வயலில் நட்ட பயிர் அத்தனையும் போய்விட்டது. மழை பொய்த்தோ பூச்சி விழுந்தோ போகவில்லை. உப்புத் தண்ணீர் ஏறிப் போய்விட்டது. என் வீட்டுக்காரர், உன் மாமா, தான் ஆபரேட்டராக இருக்கும் தடுப்பணையின் கதவைத் திறந்ததால்தான் அந்தத் தண்ணீர் வந்தது. யாராவது இதற்குள் உனக்குச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, என் வாயாலும் கேட்டுக்கொள். உட்கார்ந்து மீதியைப் படி.

கொடுவா மீன் குஞ்சு விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். நீ விடுமுறைக்கு வந்தபோது, மீன் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் ஒருவர் அணைக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று சின்ன வலையால் அரித்துக்கொண்டிருந்தாரே, அவரைத்தான் நாங்கள் கொடுவா டாக்டர் என்று கூப்பிடுகிறோம். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் சொன்னது இதுதான். கொடுவா முகத்துவாரத்தில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு உள்ளே வந்து, நல்ல தண்ணீரைத் தேடி ஆற்றில் மேலே போகும். சில வருஷம் அங்கே வளர்ந்துவிட்டு, இனம் பெருக்க மறுபடி முகத்துவாரத்துக்கு இறங்கும். இறங்கும்போது ஆண். இன்னும் வயதாகிப் பெருத்த பிறகு அதே மீன் பெண்ணாகிவிடும். இந்த வசதி மனுஷனுக்கும் இருந்தால் எத்தனையோ வீட்டில் சண்டை குறையும் என்றேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். உன் மாமா சிரிக்கவில்லை. அவர் மனசு அப்போதே அந்தக் குஞ்சுகளோடு போய்விட்டது.

கடல் உப்பு ஆற்றில் ஏறாமல் இருக்க அணை கட்டியதிலிருந்து குஞ்சுகளுக்கு மேலே போக வழி கிடையாது. மழைக்காலத் தொடக்கத்தில் கதவில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். கொக்கு தின்றது போக மிச்சத்தைக் கொசுவலை போட்டு அரிக்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். முகத்துவாரத்தில் பெருத்த பெண் மீன்கள் மட்டும் மிஞ்சும். மேலேயிருந்து ஆண் மீன் வருவது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. பெரிய மீன் என்பதாலேயே அந்தப் பெண் மீன்களையும் பிடித்துவிடுகிறார்கள். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடிப்பதுதான் தர்மம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த மீன் விஷயத்தில் அது தாயை எல்லாம் தின்றுவிட்டுக் குடும்பம் தழைக்கவில்லையே என்று கேட்கிற கதை.

அதனால் டாக்டர் உன் மாமாவிடம் ஒரு உதவி கேட்டார். குஞ்சு வரும் சில வாரங்கள் மட்டும், வெளியே ஏற்றத் தண்ணீரும் உள்ளே ஆற்றுத் தண்ணீரும் சம மட்டத்துக்கு வரும் நேரம் பார்த்து, ஓரத்துக் கதவை ஒரு சாண் தூக்கினால் போதும். தண்ணீர் அசையாமல் நிற்கும். குஞ்சு நீந்திப் போய்விடும். உப்பு ஏறுவதற்குள் கதவை இறக்கிவிடலாம். அணை என்ஜினீயரிடம் கேட்டதற்கு, ‘பாத்து செய்யுங்க’ என்றார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

இரண்டு மழைக்காலம் அப்படித்தான் செய்தார். ஒரு குறையும் வரவில்லை. போன வருஷம் அணைக்கு மேலே தூண்டில் போடுகிறவர் முழங்கை நீளக் கொடுவா ஒன்றைப் பிடித்து, பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டதாகச் சொன்னார். அன்றைக்கு உன் மாமா வீட்டுக்கு வந்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சின்னவள் பிறந்தபோதுகூட இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நான் கேட்காமலே பாத்திரம் கழுவினார்.

டாக்டரிடம் உப்பு அளக்கும் கருவி ஒன்று இருந்தது. நீளமான கம்பியோடு தண்ணீரில் இறக்கினால் எண் காட்டும். இந்த வருஷம் அது பழுதாகி, சரிசெய்யக் கொண்டுபோயிருந்தார். குஞ்சுகள் அதற்காகக் காத்திருக்குமா? வந்துவிட்டன. உன் மாமா தன் நாக்கை நம்பினார். கதவுக்கு உள்பக்கம் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். கரிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார். தம்பி, என் சமையலில் உப்பு கூடிப்போனது என்று ஒரு நாளும் சொல்லாத நாக்கு அது. அதை நம்பி ஒரு ஆற்றைத் திறந்துவிட்டார்.

முந்தின இரண்டு வருஷமும் ஆற்றின் மேல்பகுதியில் மழை நன்றாக இருந்தது. ஆற்று ஓட்டமே உப்பை வெளியே தள்ளிவிட்டது. இந்த வருஷம் மழை தள்ளிப்போய் ஆறு மெலிந்து கிடந்தது. உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அது மேலே வருவதில்லை. கதவுக்கு அடியில் நுழைந்து அடியிலேயே ஊர்ந்து, தினம் கொஞ்சமாக உள்பக்கத்துப் பள்ளத்தில் சேர்ந்திருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் எடுப்பது அந்தப் பள்ளத்திலிருந்து. மேலே அள்ளிக் குடித்தவருக்கு நல்ல தண்ணீராகத்தான் இருந்தது.

வாய்க்காலில் முதல் முறை நம்முடையது என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் நல்லா இருக்கு, வயலுக்குக் கட்டு என்றார் உன் மாமா. மடையைத் திறந்துவிட்டேன். மற்ற வயல்களுக்கு முறை வருவதற்குள் உன் பயிர் நுனி கருக ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் மடையை அடைத்துக்கொண்டார்கள். வரப்பு வரைக்கும் நீ மண்வெட்டி பிடித்துச் சமப்படுத்திய வயல், கப்பலை விட்டு வந்து உட்காரப்போகிறேன் என்று சொன்ன வயல், ஒரே வாரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. காய்ந்த இடத்தில் சேறு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. நான் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உனக்காகத்தான் அழுதேன், உன் மாமாவுக்காக இல்லை.

செய்தி கேட்டு டாக்டர் ஓடி வந்தார். ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, பள்ளத்தின் அடிவரை இறக்கி, அங்கேயே கயிற்றால் மூடியை இழுத்துத் திறந்து தண்ணீர் எடுத்து மேலே கொண்டுவந்தார். உன் மாமா ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ‘கருவி வர்ற வரைக்கும் தொறக்காதீங்கன்னு நான் சொல்லிருக்கணும்’ என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை எழுதியும் கொடுத்திருக்கிறார். அவர் வேறு துறை, அவர் எழுத்துக்கு இங்கே மதிப்பில்லை என்கிறார்கள். என்ஜினீயர், தான் எதுவுமே சொல்லவில்லை என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்ட தண்ணீரை வடிக்க வயலின் கடைமடையை வெட்டினோம். தண்ணீர் இறங்க இறங்க, செத்த பயிருக்கு நடுவே என்னவோ துள்ளியது. கொடுவாக் குஞ்சு. விரல் நீளம், தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வாய்க்கால் வழியாக உன் வயலுக்குள் வந்து, நன்றாகத் தின்று கொழுத்திருந்தன. உன் மாமா என் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கி, சேற்றில் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் தம்பி பயிரைவிட இந்த மீன் உங்களுக்குப் பெரிசா போச்சா என்று, நாலு வயல் தள்ளி இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘பயிரத்தான் கொன்னுட்டேன். இதையும் கொல்லச் சொல்றியா?’ என்றார். அப்புறம் நானும் முட்டி போட்டேன். அத்தனையையும் அணைக்கு மேலே ஆற்றில் கொண்டுபோய் விட்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயல்காரர்கள் சங்கத்தில் மனு எழுதியிருக்கிறார்கள். ஓரத்துக் கதவை வெல்டிங் வைத்து நிரந்தரமாக மூட வேண்டும், ஆபரேட்டரை வேலையைவிட்டு நீக்க வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆனால் சேதமானது உன் வயல் ஒன்றுதான். நிலத்துக்காரன் புகார் கொடுத்தால்தான் விசாரணை நடக்கும் என்கிறார்கள். கொடுக்காவிட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாமாம், உனக்கு நஷ்ட ஈடு என்ற பேச்சும் அதோடு போய்விடும். சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, தம்பிக்குப் பதிலா நீங்களே போடுங்கம்மா என்று பேனாவை நீட்டினார். நிலம் என்னுடையதில்லை, அவனுக்கு எழுதுகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

உன் மாமாவை இப்போதைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை போனால் இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். சின்னவளுக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அப்பா வீட்டில் இருக்கிறாரே என்று அவளுக்குக் கொண்டாட்டம். சமையலறைக் கூரை ஒழுகுவதற்கு ஆள் கூப்பிட்டிருந்தேன், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அவர் உன் வயலில்தான் கிடக்கிறார். நல்ல தண்ணீர் கட்டுவது, வடிப்பது, மறுபடி கட்டுவது. இரண்டு நல்ல மழை பெய்தால் மண் தேறிவிடும் என்கிறார். அவர் பேச்சை நம்பி எழுதவில்லை, டாக்டரும் அதையேதான் சொன்னார்.

உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் அவர் ஒன்று சொன்னார். ‘அவன் வயலு. அவனுக்கு எது நியாயமோ எழுதட்டும். எனக்காக அவன்கிட்ட கெஞ்சாதே.’ கெஞ்ச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா போன பிறகு நீ எங்களோடு இருந்த வருஷங்களில், உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூங்காமல் உட்கார்ந்திருந்தார் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது கெஞ்சல் ஆகிவிடும்.

நீ எந்த முடிவு எடுத்தாலும் நான் உன் அக்காதான். உன் நிலத்தை என்னை நம்பி விட்டுப் போனாய். அதைக் காப்பாற்றித் தர முடியவில்லை. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் பாதி வருத்தம் அதுதான். மீதிப் பாதியை உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். புகார் எழுதுவதானால் நேராக என்ஜினீயர் ஆபீசுக்கே அனுப்பிவிடு. விலாசத்தைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். வீட்டு விலாசத்துக்கு மட்டும் போட்டுவிடாதே. தபால் வரும் நேரத்தில் இப்போதெல்லாம் வாசலில் இருப்பது அவர்தான். கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், பையன் லெட்டர் போட்டிருக்கான் என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே, என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அவரே பிரித்துவிடுவார்.

எந்தக் கடலில் இருந்தாலும் நீ நல்லபடியாகக் கரை வந்து சேர வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன்
அக்கா