கேபிள்காரர் கையில் என் பேஸ்பால்

ஜூன் 2006, சனி இரவு

அமெரிக்காவில் வேலை பார்த்தபோது பிடித்த பேஸ்பால் பைத்தியம் பெங்களூரு ஈஜிபுராவுக்குக் குடிவந்தும் விடவில்லை. டிஷ் வைத்தாலும் என் அணியின் ஆட்டங்கள் வராது என்றார்கள். அதனால் இன்டர்நெட்டில் பார்க்கப் பணம் கட்டினேன்.

இன்று காலை முதல் ஆட்டம். பாதியில் படம் நின்றுவிட்டது. தெருவுக்கே நெட்டும் டிவியும் கொடுக்கும் கேபிள்காரர் முருகேஷைக் கூப்பிட்டேன். ஒயரை மாற்றிக் கொடுத்தவர், அப்படியே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். அவர் போன் விடாமல் அடித்தது.

"யார் வீட்லயோ டிவி வரலையாம். இந்த ஓவர் முடியட்டும் சார்."

பேஸ்பாலில் ஓவரே கிடையாது என்று சொல்ல மனசு வரவில்லை.

என் அணி தோற்றது. முருகேஷ் கைதட்டினார். அவருக்கு எதிரணியைப் பிடித்துவிட்டதாம்.

நாளையும் அதே இரண்டு அணிகள்தான். நாங்கள் ஜெயிக்கிற நேரத்தில் படம் நிற்காமல் இருக்க வேண்டும்.