தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம்

வாய் ஓயாத என் மாரி அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் யாரும் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. போன சனிக்கிழமை உங்கள் பேத்தி சொன்னாள். மண்டபம் நிறைய ஆள் இருக்கையில், எழுத்துக் கூட்டி, சத்தமாக. அதனால்தான் இந்தக் கடிதம்.

யாழினி இப்போது இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டு, சுவர் விளம்பரம், சோப்பு உறை, எதையும் வாசிக்காமல் விடுவதில்லை. சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய பட்டாசு லேபிள்களையும் காலண்டர்களையும் போட்டோக்களையும் வைத்துக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் வரலாற்று நடை, அது முடிந்ததும் குடும்பக் கதை சொல்லும் பட்டறை. கல்லூரியில் எனக்கு ஜூனியராகப் படித்த கார்த்திக்தான் நடத்துகிறான். மச்சானையும் கூப்பிட்டேன். உங்கள் மகனை உங்களுக்குத் தெரியாதா? "போறதுன்னா போ. என்னைய இழுக்காத" என்றார்.

கிளி லேபிள், குதிரை லேபிள், தொப்பி வைத்த பாப்பா லேபிள் என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தவள், கடைசிச் சுவரில் ஒரு போட்டோவுக்குக் கீழே இருந்த அட்டையில் நின்றாள். "மா-ரி-யம்-மாள் என்ற பெண் தொ-ழி-லா-ளி-யின் க-வ-னக்-கு-றை-வால் ஏற்பட்ட வெடி விபத்து." நெற்றியைச் சுருக்கினாள். நம் விஸ்வநத்தம் பெயரும் அதில் இருந்தது. பீரோவில் கிடந்த உங்கள் இறப்புச் சான்றிதழை ஒருநாள் தானே எழுத்துக் கூட்டி வாசித்தவள்தான் அவள்.

"அம்மா, நம்ம அப்பத்தாவா வெடிக்க வச்சா?"

நான் அவள் வாயைப் பொத்தினேன். பொத்திய வேகத்தில் உதடு பல்லில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. என் உள்ளங்கையில் அந்த ரத்தத்தோடு அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். போட்டோவை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

எதைப் பார்க்க, அத்தை? பார்த்தது போதாதா?

அன்றைக்கு நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி புத்தகத்தின் மேல் கொட்டியது. அப்புறம்தான் சத்தம் கேட்டது போல ஞாபகம். தெருவே மொட்டைமாடிக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்த்தது. நீங்கள் வேலை பார்த்த பட்டாசு ஆலைக்கு அப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது உள்ளே சரவெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. யாரும் கிட்டே போக முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் "தண்ணி, தண்ணி" என்றது. அது உங்கள் குரலா? பிறகு அதுவும் நின்றுபோனது. கருவேல முள்ளில் சேலைக் கிழிசல் தொங்கியது. தொங்கியது சேலை மட்டும் இல்லை. ஒரு அம்மா கிடைத்த கையொன்றை மடியில் வைத்துக்கொண்டு, மகள் கைதானா என்று நகம் நகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களைத் துணியில் முடிந்து கொடுத்தார்கள். அப்பாதான் வாங்கினார். "என்னத்தா, தங்கச்சி இம்புட்டு லேசா இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

மச்சான் அழவில்லை. தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம், வெடி மருந்து அறைக்குள் போகுமுன் நீங்கள் எல்லோரும் கழற்றிப் போடும் செருப்புகள் அப்படியே கிடந்தன. உங்கள் நீலச் செருப்பை மட்டும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் எங்கள் வாசலில் செருப்பு வரிசையாகக் கிடக்க விடமாட்டார். விருந்தாளி செருப்பைக்கூடத் தூக்கி வந்து கட்டிலுக்கடியில் போட்டுவிடுகிறார். வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் காரணம் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போனேன். அட்டையை எடுக்கச் சொல்லிக் கார்த்திக்கிடம் கேட்பதுதான் எண்ணம். யாழினியும் வீங்கிய உதட்டோடு வந்தாள். பழைய அச்சகம், பழைய தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் பார்த்து, கடைசியில் வேனில் ஏற்றி வெடித்த அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டார்கள். அறை இருந்த இடத்தில் முள்ளுக்காடு. தடுப்புச் சுவர் பாதி நிற்கிறது.

கார்த்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது ஒரு நினைவிடம் மாதிரி. எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றான்.

எல்லோரும் கழற்றினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம், வரிசையாக. என் பிள்ளையும் குனிந்து வார் அவிழ்த்து, தன் குட்டிச் செருப்பை அந்த வரிசையில் கொண்டுபோய் வைத்தாள்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று பிறர் சொல்லித்தான் முழுதாகத் தெரிகிறது. ஓடிப்போய் அந்த வரிசையை எத்தினேனாம். ஒரு செருப்பு கார்த்திக் முகத்தில் அடித்ததாம். "போடுங்க! எல்லாரும் கால்ல போடுங்க!" என்று கத்தினேனாம். யாழினி பயந்துபோய் ஒற்றைக் காலில் நின்று அழுதாள்.

கூட்டத்தில் உங்கள் பழைய போர்மேன் இருந்தார். "ஏத்தா, கோவப்படாத. மாரி நல்ல வேலைக்காரிதான். அன்னைக்கு மருந்துத் தட்டத் தரையோட இழுத்துட்டா. ஒரசிருச்சு."

"நீங்க பாத்தீகளா அண்ணாச்சி?"

"நான் ஆபீஸ்ல இருந்தேன்."

"பெறகு எப்படித் தெரியும்?"

"கம்பெனில சொன்னாக. பேப்பர்லயும் வந்துச்சுல்லா."

பக்கத்தில் ஒரு அக்கா, "உள்ள இருந்தவுக ஒருத்தரும் வெளிய வரல. பெறகு எந்தப் பேய் வந்து கம்பெனில சொல்லுச்சாம்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பட்டறைக்காக மண்டபத்துக்குத் திரும்பினோம். இந்த முறை அந்தப் போட்டோவின் முன்னால் போய் நின்றேன். வெடித்த அன்றைக்கு எடுத்த படம்தான். தடுப்புச் சுவர். அதில் பெயிண்டில் பெரிதாக 'ஆட்கள் 4', அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற கணக்கு. அதன் கீழே செருப்பு வரிசை. மச்சான் கையில் எடுப்பதற்கு முந்தி எடுத்திருக்கிறார்கள்.

யாழினி என் கையை விட்டுவிட்டு விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. "பதினொரு ஜோடிம்மா. ஆட்கள் நாலுன்னு போட்டுருக்கே, மிச்சச் செருப்பு யாரோடது?"

நான் போர்மேனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "சீசன்லா. ஆர்டர் குவிஞ்சு கெடந்துச்சு. நாலு பேர வச்சு என்ன செய்ய?" என்றார். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது போல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வரிசையில் மூன்றாவது உங்கள் நீலச் செருப்பு. வாரில் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. மருந்து அறைக்குள் இரும்பு போகக்கூடாது என்று தோள் ஊக்கைத் தினமும் கழற்றிச் செருப்பில் மாட்டிவிட்டுப் போவீர்களே. "ஊக்கு இல்லாமச் சேலையப் பிடிச்சுக்கிட்டே வேல பாக்கணும்டி. வெடி வெடிக்கலேன்னாலும் எம் மானம் வெடிச்சிரும்" என்று எங்களைச் சிரிக்க வைப்பீர்களே. அந்த ஊக்குக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறார்கள், கவனக்குறைவு என்று.

"அட்டைய எடு கார்த்திக்."

"அக்கா, மண்டபத்துக்குக் காசு குடுத்ததே அந்தக் கம்பெனி குடும்பம்தான். பேப்பர்ல வந்ததத்தான போட்டுருக்கோம்" என்றான். கன்னத்தில் செருப்புத் தடம் இன்னும் சிவந்திருந்தது. பிறகு மெதுவாக, "நீங்களே ஒரு அட்டை கொண்டாங்க. பக்கத்துல ஒட்டுறேன். நான் பாத்துக்கிடுறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து மச்சான் சாப்பிடும்போது சொன்னேன். ஊக்கு என்றதும் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய்விடுவார், அத்தோடு முடிந்தது என்று பயந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த அட்டை எம்புட்டு நீளம்?" என்று கேட்டார்.

"ரெண்டு சாண் இருக்கும்."

"வார்த்தையச் சொல்லு."

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர் இல்லையா? மறுநாள் அச்சடித்து, வெட்டி, மூன்று அட்டை கொண்டுவந்தார். எதற்கு மூன்று என்றேன். "கிழிப்பாங்கள்ல. கிழிக்கக் கிழிக்க ஒட்டணும்" என்றார். கறுப்பு எழுத்தில் இவ்வளவுதான்: 'இந்த அறைக்கு ஆட்கள் 4. வெளியே செருப்பு 11 ஜோடி. ஊக்கைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவர் மாரியம்மாள்.'

எனக்குப் பயம் போகவில்லை, அத்தை. அச்சகத்துக்கும் அந்தக் கம்பெனி ஆர்டர்தான் வருகிறது. மச்சான் வேலைக்கு என்ன ஆகும்? குக்கர் விசில் அடித்தாலே பிள்ளை எங்கே என்று தேடுகிறவள் நான்.

ஆனாலும் நாளைக்கு மூன்று பேரும் போகிறோம். மச்சான் ஒட்டுவார். உங்கள் பேத்தி அதன் முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பாள். அவள் வாயை இனி ஒருபோதும் பொத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள், நீங்கள் பார்க்காமல் போன உங்கள் மருமகள்,
உங்கள் வாயைக் கொண்டு பிறந்தவளின் அம்மா.