கல்லில் ஒரு வரி இடம்

மார்ச் 4, 2017, சனி

இன்று ஆர்ன்பரோ. போன வாரம் மார்ஷ்பி. அதற்கு முந்தைய வாரம் போன ஊரின் பெயர் மறந்துவிட்டது, கல் மட்டும் நினைவிருக்கிறது. மற்ற பெண்களின் புருஷன் ஓய்வு பெற்றால் மீன் பிடிக்கப் போகிறான், தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயம் வளர்க்கிறான், கொஞ்சம் துணிச்சல்காரனாக இருந்தால் இன்னொருத்தியைத் தேடிக்கொள்கிறான். எனக்கு வாய்த்தவன் ஊர் ஊராகப் போர் நினைவுச்சின்னம் பார்க்கிறான். புகார் சொல்லக்கூட வழியில்லை. "என் வீட்டுக்காரர் செத்தவர்களோடு சுற்றுகிறார்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

காலமெல்லாம் பேருந்து ஓட்டியவன். சாலை காலியாகக் கிடந்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கோலினின் கால் தானாக பிரேக்கில் போய் உட்கார்ந்துவிடும். யாரும் ஏறப்போவதில்லை, கோலின், என்பேன். சிரிக்கமாட்டான்.

ஆர்ன்பரோவில் ஒரு கல் சிப்பாய் துப்பாக்கி மேல் சாய்ந்து தலைகுனிந்து நிற்கிறான். தலைமேல் புறா. பீடத்தில் பெரிய எழுத்தில் 'என்றும் மறவோம்'. அதன் அடியில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை.

மழை. கோலின் நனைந்துகொண்டே நாலு பக்கமும் படம் எடுத்தான். நான் காருக்குள் முட்டை சாண்ட்விச்சோடு.

இந்த ஊர்சுற்றலுக்குக் காரணம் எங்கள் ஸ்கெல்பியின் நினைவுச்சின்னக் குழு. ஜோயலின் பெயரைக் கல்லில் பொறிக்க முடியாது என்று ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். போரில் இறந்தவர்களுக்கு மட்டும்தானாம். எங்கள் பையன் ராணுவத்தில் லாரி ஓட்டினான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில், பயிற்சியின்போது, மழையில் லாரி கவிழ்ந்தது. இருபத்திரண்டு வயது. எதிரி யாரும் சுடவில்லை, ஆகவே தகுதி போதாது. சாவுக்கும் மதிப்பெண் போடுகிற ஊர்.

கோலின் வாதாடவில்லை. எதற்குமே வாதாடமாட்டான். "மத்த ஊர்ல எப்படிப் போட்டிருக்காங்கன்னு பார்த்துட்டு வருவோம்" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து சனிக்கிழமைகள் போயின.

எனக்கு அந்தக் கல்லில் ஜோயலின் பெயர் வேண்டாம். இதை இன்னும் கோலினிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

சளி. நனைந்தவனுக்கு இல்லை, எனக்கு.

மார்ச் 18, சனி

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். தோர்ன்விக்கில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. நாய் காலைத் தூக்கியது. அதன் எஜமானக் கிழவர் அசையவில்லை.

"கோவிச்சுக்காத கண்ணு. தினம் நடக்குறதுதான். இவங்கள்ல யாரும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்ல."

கோலின் உடனே தொப்பியைக் கழற்றினான். நாய்க்கா, செத்தவர்களுக்கா, தெரியவில்லை. எல்லாரும் சண்டையில் இறந்தவர்களா என்று மெதுவாகக் கேட்டான்.

"யாரு, எல்லாருமா? அந்தா, மூணாவது பேரு. அவரு பிரான்ஸ்ல ஆத்துல குளிக்கப் போயி முழுகிட்டாரு. நீச்சல் தெரியும்னு வீம்பு. அவங்க வீட்டு ஆளுங்களுக்கே வீம்பு ஜாஸ்தி, இன்னைக்கும் அப்படித்தான்."

காரில் ஏறியதும் கோலினின் முகத்தில் லாட்டரி விழுந்த களை. "முழுகினவர் முன்பக்கம் இருக்காரு, பெவ்."

"என் வாழ்த்தைச் சொல்லு அவருக்கு" என்றேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சிக்கு முன்னால், கையில் கரண்டியோடு. பேச்சுக்கு நேரம் பார்க்கத் தெரியாதவள் நான்.

"எதுக்கு இந்தப் பிச்சை? அவங்க வாசல்ல போயி, ஐயா, என் பையன் செத்தது செல்லுமா செல்லாதான்னு கேக்கணுமா? வேண்டாம்னா போகட்டும். அந்தக் கல்லு அவங்களுக்கே இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கிட்டு, ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நின்னுட்டு, நேரா மதுக்கடைக்குப் போறவங்க. அவங்களுக்கு என் புள்ளைய ஏன் குடுக்கணும்?"

கோலின் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே இருந்தான். பொடிப்பொடியாக.

"ஊருக்கு நடுவுல அவன் இருக்கணும்" என்றான் கடைசியில்.

"இல்லையே அவன். இல்லைதானே? கல்லுல வெட்டிட்டா அப்புறம்—"

அப்புறம் என்ன? முடிக்கவில்லை. எழுதவும் வரவில்லை. கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது. அவ்வளவுதான். முட்டாள்தனம் என்று தெரியும். அடக்கம் செய்தவள்தானே நான், சவப்பெட்டியைப் பார்த்தவள்தானே. இருந்தாலும்.

இறைச்சி கருகிவிட்டது. இருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

மே 13, சனி

இனி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இன்று போனேன். வீட்டில் தனியாக இருந்தால் அலமாரியைத் துடைக்கிறேன். துடைக்க இனி அலமாரி இல்லை.

கில்டன். ஊர் என்று சொல்வது பெரிய மனசு: ஒரு தேவாலயம், ஒரு தபால்பெட்டி, ஒரு பைத்தியக்கார வாத்து. கல் சிலுவையைச் சுற்றி மிஸஸ் ஹெப்பிள் என்ற அம்மாள் மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்காமலே கல்லில் இருப்பவர்களின் வண்டவாளத்தையெல்லாம் சொன்னார். ஒருவர் சமாதானம் கையெழுத்தான பிறகு காய்ச்சலில் போனவர். இன்னொருவரைக் கோவேறு கழுதை உதைத்துவிட்டது.

"கழுதையா?" என்றேன்.

"கழுதைதான் கண்ணு. அதுவும் நம்ம ராணுவத்துக் கழுதை."

சிரித்துவிட்டேன். வெகுநாளைக்கப்புறம். அந்த அம்மாளும் சிரித்தார். இதில் சிரிப்பதற்கு என்ன என்று தெரியாமல் கோலினும் சிரித்தான்.

பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். மிஸஸ் ஹெப்பிள், "உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். கோலின் பேச ஆரம்பித்தான். என் கோலின்! உப்பை எடு என்பதற்குக் கண்ணால் ஜாடை காட்டுகிறவன். ஜோயல் பதினேழு வயதில் பேருந்துப் பணிமனை முற்றத்தில் பின்பக்கமாக வண்டி ஓட்டப் பழகியது, மேலாளரின் சைக்கிளை நசுக்கியது, அப்பனும் மகனும் சேர்ந்து அதைக் குப்பைக்குள் ஒளித்தது. "இன்னிக்கு வரைக்கும் அந்த மனுஷன் சைக்கிள் திருடு போச்சுன்னுதான் நெனச்சிட்டிருக்காரு."

தேநீர்க் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் கதை எனக்குத் தெரியாது. நாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே. ஒரு கதைகூடச் சொன்னதில்லை. களை பிடுங்குகிற அம்மாளுக்குச் சொல்கிறான்.

எனக்கு ஏன் சொல்லலை? நான் கேட்டேனா? கேட்கலை. நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பானா? தெரியலை.

திரும்பும் வழி. எல்லா நிறுத்தங்களிலும் வேகம் குறைத்தான். இந்த முறை நான் கேலி செய்யவில்லை.

ஜூன் 15, வியாழன்

கோலின் எடுத்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டுக் குழு மனமிரங்கியிருக்கிறது. குழுச் செயலாளர் ஜேனிஸ் தொலைபேசியில் சொன்னாள். கறிக்கடைக்காரர் மனைவி, நல்லவள், கெட்ட செய்தியைக்கூடக் கால் கிலோ கூடுதலாக நிறுத்துக் கொடுப்பாள். சின்னத்தின் பின்பக்கம் ஒரு பித்தளைத் தகடு. 'பணியில் மறைந்தவர்' என்று. முன்பக்கம் கிடையாது. முன்பக்கம் போருக்கு.

கோலின், "ரொம்ப நன்றி ஜேனிஸ், ரொம்பப் பெரிய மனசு" என்றான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். சந்தோஷப்படலாமா என்று கேட்கிற பார்வை.

பின்பக்கம்! ஸ்கெல்பியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா பின்பக்கம் எது என்று? பொதுக் கழிப்பறை வாசல். என் பிள்ளையின் பெயரை வாசிக்க வேண்டுமென்றால் அவசரத்தில் ஓடுகிறவன்தான் வாசிக்க வேண்டும்.

ஜூன் 16, வெள்ளி

தூங்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கல்லே வேண்டாமே. பின் எதற்கு இத்தனை ஆத்திரம்? முன்பக்கம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. தரமாட்டோம் என்று சொல்ல அவர்கள் யார்?

ஜூலை 11, செவ்வாய்

கூட்டம். தேவாலயத்துப் பின்னறை. தலைவர் மிஸ்டர் ஆல்ட்ரிட்ஜ், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டில். வங்கி மேலாளராக இருந்தவர். அவர் கண்ட போர்க்களம் வாகன நிறுத்துமிடத் தகராறு ஒன்றுதான். ஆனால் 'நம் வீரர்கள்' என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

கோலின் எழுந்து, தகட்டுக்கு நன்றி என்று தொடங்கினான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"தகடு வேண்டாம்" என்றேன்.

"மிஸஸ் பிக்கர்ஸ்கில், உங்க வேதனை எங்களுக்குப் புரியுது. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. முன்பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் எதிரியை எதிர்த்து உயிரைக் கொடுத்தவங்க."

"தோர்ன்விக்ல ஒருத்தர் எதிரியை எதிர்த்துக் குளிச்சிட்டிருந்தார். முன்பக்கம், மூணாவது பேர். கில்டன்ல ஒருத்தரைக் கழுதை உதைச்சது. அது எந்த நாட்டுக் கழுதைன்னு யாரும் விசாரிக்கலை. சண்டை முடிஞ்சப்புறம் காய்ச்சல்ல போனவரும் முன்னாலதான் இருக்கார். அந்த ஊர்க்காரங்க யாரும் விதி கேக்கலை மிஸ்டர் ஆல்ட்ரிட்ஜ். பையன் போனான், திரும்பி வரலை. அவ்வளவுதான் கேட்டாங்க."

என் குரல்தானா அது? ஊர் பெயர், வரிசை, ஆள், எல்லாம் கடகடவென்று வந்து விழுகிறது. காரில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றவள்தானே நான்.

"இது உணர்ச்சிபூர்வமான விஷயம்—" என்று ஆரம்பித்தார் ஆல்ட்ரிட்ஜ்.

அப்போது ஜேனிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க பெரிய தாத்தா முன்பக்கம் இருக்கார்" என்றாள், யாரையும் பார்க்காமல். "விடுமுறை முடிஞ்சு திரும்பறப்போ, யார்க் ஸ்டேஷன்ல. ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவுல விழுந்துட்டார். நல்லாக் குடிச்சிருந்தாராம். எங்க வீட்ல இதை வெளியில சொல்றதில்ல. இப்பச் சொல்லிட்டேன்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"அவரைப் பின்பக்கம் மாத்துறதா இருந்தா சொல்லுங்க" என்றாள் ஜேனிஸ். "இல்லேன்னா இந்தப் பையனுக்கும் முன்னாலயே இடம் கொடுங்க."

கை தூக்கினார்கள். ஆல்ட்ரிட்ஜைத் தவிர எல்லாரும். தான் ஒப்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு சொன்னார். ஜேனிஸ் மிக அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டாள்.

காரில் கோலின் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா நீ?"

"கார் ரேடியோ ரிப்பேர். வேற என்ன செய்யறது?"

அழுதான். சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமில்லாமல். அடக்கத்தின்போதுகூட இப்படி அழவில்லை. நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு அவன் முழங்காலில் கை வைத்திருந்தேன்.

ஜூலை 12, புதன்

காலையில் கோலின்: "உனக்கு வேண்டாம்னா இப்பவும் நிறுத்திடலாம், பெவ்."

இத்தனை ரகளைக்கப்புறம்! ஆனால் மனசாரத்தான் கேட்டான். தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.

"முழுப்பேரும் போடச் சொல்லு. வெறும் ஜே. வேண்டாம்."

அக்டோபர் 9, திங்கள்

கல் செதுக்குகிறவள் ஒரு இளம்பெண். மூக்கில் வளையம், மடக்கு நாற்காலி. மாவு மாதிரித் தூள் பறந்து பக்கத்துக் கடைக்காரரின் ரொட்டி மேல் இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது சரித்திரம்.

கோலின் காலை முதல் அங்கேதான். நான் கடைசி எழுத்துக்குத்தான் போனேன். மற்ற பெயர்களெல்லாம் கறுத்துப் பாசி பிடித்திருக்க, இவனுடையது மட்டும் பால் வெள்ளை. கூச்சமாக இருந்தது, புதுச் சட்டையோடு கூட்டத்தில் நிற்கிற பையனைப் பார்ப்பதுபோல.

நவம்பர் 12, ஞாயிறு

போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறு. கல்லின் முன்னால் எல்லாம் முறைப்படி நடந்தது. ஊதுகுழல்காரன் ஒரு சுரம் தப்பினான். ஆல்ட்ரிட்ஜ் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார், குரல் தழுதழுக்க. அதை நான் நடிப்பு என்று எழுதப்போவதில்லை. இன்றைக்கு மட்டும்.

நவம்பர் 20, திங்கள்

கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குப் பேருந்து. நிறுத்தம் கல்லுக்கு நேர் எதிரே. முதியோர் இல்லச் சீருடை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். ஊருக்குப் புதிது, பேச்சிலேயே தெரிந்தது. பேருந்து வரத் தாமதமானால் எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். அவள் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோயல் பிக்கர்ஸ்கில்" என்று வாய்விட்டு வாசித்தாள். "இது மட்டும் புதுசா இருக்கே. யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

நாக்கு நுனிக்கு ஏதோ குத்தலாக வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியும். என் பையன்."

எல்லாரும் சொல்வதுபோல் ரொம்ப வருத்தம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள், "எப்படிப்பட்ட பையன்?" என்று கேட்டாள்.

எப்படிப்பட்டவன். காரட் தின்னமாட்டான். குளியலறையில் பாடுவான், பாடத் தெரியாது. ஒருமுறை மேலாளரின் சைக்கிளை— அவள் பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை. பிறகு என்னுடையது வந்தது. நானும் ஏறவில்லை.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. கோலின் வாசலிலேயே நின்றான்.

"எங்க போயிட்ட?"

"பேசிட்டிருந்தேன்."

"யார் கூட?"

"பேர் கேக்க மறந்துட்டேன். ஜோயலைப் பத்திப் பேசினோம்."

என் கோட்டை வாங்கி மாட்டினான். கெட்டிலை வைத்தான். பிறகு வழக்கமாக உட்காரும் தொலைக்காட்சிப் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு, மேசையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"எனக்கும் சொல்லு" என்றான்.