கடைசிக் கால் மணி நேரம்

என் வால் மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் வேறு பதில் சொல்லும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். தினமும் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லையம்மா. போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதுவும் சினிமா விஷயத்தில். அதிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பக்கத்தில் இருக்கிற உன் அம்மா சிரிப்பாள், ஆகையால் உள்ளதைச் சொல்கிறேன், இறங்குகிறது, ருசிக்கவில்லை.

நீ எழுதின முதல் படம் அல்லவா, அன்றைக்கு மூன்று மணி ஆட்டத்துக்கு நானும் அம்மாவும் இரண்டு மணிக்கே போய் நின்றோம். வேலையை விட்டபிறகு இந்த எட்டு மாதத்தில் நான் தியேட்டர் படி ஏறியதே அன்றுதான். கதை என்று போட்டு உன் பேர் வந்ததும் நான் தட்டின தட்டில் முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார், எங்க பொண்ணுங்க என்றேன், ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார், நம்பவில்லை போலிருக்கிறது. நம்பாவிட்டால் போகட்டும். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அந்தப் பெண்ணும் பதினோரு வருஷமாக அவளோடு பேசாத அண்ணனுமாகக் கதை எடுத்த எடுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் குடியிருக்கிற மாடிக்கே வேலைக்கு வந்தவள், அவன் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்று, மணியடிக்காமல் படியிறங்கிப் போவாளே. எங்கிருந்தடி பிடித்தாய் அதை? பிறகு அண்ணன் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டான், உள்ளே விளக்கு அணைந்தது. மணி பார்த்தேன், ஐந்தே முக்கால். சட்டென்று எழுந்துவிட்டேன். நான் எழுந்தால் உன் அம்மா சும்மா இருப்பாளா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளும் எழுந்துவிட்டாள்.

உனக்குத் தெரியாததா? அந்த நாளில் ஆறு மணிக்குப் பேக்கரியில் மாவு மெஷின் முன்னால் நான் நிற்க வேண்டும், அதனால் எந்தப் படத்திலும் கடைசிக் கால் மணி நேரத்தை நாம் பார்த்ததே கிடையாது. நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பாருங்க என்று நான் சொன்னால், அப்பா இல்லாம முடிவு வேணாம் என்று நீயும் கூடவே இறங்கி வருவாய், வழியெல்லாம் மிச்சக் கதையை நீயே சொல்லிக்கொண்டு வருவாய், பேக்கரி பின்கதவு வருவதற்குள் கெட்டவனுக்குத் தண்டனையும் கொடுத்து எல்லோரையும் ஒன்று சேர்த்தும் வைத்துவிடுவாய். அந்தக் கால்கள்தான் அன்றைக்கும் நடந்தன. பின்கதவில் கை வைத்தபோதுதான், என் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆள், என்னண்ணே வீட்ல போரடிச்சுப் போச்சா, வேலைக்கு வந்துட்டீங்க என்றான். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகள் எழுதின படத்தை முடிவு பார்க்காமல் விட்டுவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் விட்ட வேலைக்குப் போய் நின்றிருக்கிறோம்! திரும்பி ஓடினோம், ஓட்டம் என்று என் முழங்காலுக்கு முன்னால் சொல்லாதே, போவதற்குள் ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைகிறேன், உன் போன். எல்லாரும் முடிவுதான் சரியில்லைன்னு சொல்றாங்கப்பா, நீங்க சொல்லுங்க என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. பிரமாதம், கண்ணுல தண்ணி வந்துடுச்சு என்று சொல்லிவிட்டேன். அம்மா எதிரில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே நீ, அப்பா சொன்னா போதும், அடுத்த கதையையும் இப்படியே முடிச்சு மாசக் கடைசியில கொடுத்துடறேன் என்றாய். அங்கேதான் எனக்குப் பகீரென்றது. பார்க்காத முடிவுக்கு நான் கொடுத்த சர்டிபிகேட்டை நம்பி நீ அடுத்த படத்தையே எழுதப் போகிறாய்.

மறுபடி உன் படத்துக்குப் போய் மறுபடி எழுந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் கடைசிவரை உட்காரப் பழக வேறு இரண்டு படங்களுக்குப் போனோம். ஒன்றில் ஒரே ஆள் முப்பது பேரை அடிக்கிறான், சட்டை கசங்கவில்லை, எங்க இஸ்திரி போடுறான்னு கேட்டுச் சொல்லுங்க என்கிறாள் அம்மா. வில்லன் சாகப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறான், அதற்குள் பிறந்ததிலிருந்து தன் கதையைச் சொல்லி முடிக்கிறான். இத்தனை வருஷம் நாம் பார்க்காமல் விட்ட முடிவுகள் எல்லாம் இந்த லட்சணம்தான் என்றால் நாம் தப்பித்தோம். இன்னொன்று பேய்ப்படம். சத்தம் கேட்டால் ஆளாளுக்கு டார்ச்சைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, பக்கத்திலிருக்கிற சுவிட்சைப் போட ஒருத்தருக்கும் தோன்றாதா? ஆனால் கடைசியில் அந்தப் பேய், தன் குழந்தையின் காலித் தொட்டில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நேற்றுதான் உன் படத்துக்கு மறுபடி போனேன். ஐந்தரையிலிருந்தே அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். முழுவதும் பார்த்தேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேள் கண்ணு, ஊர் சொன்னது சரி. பதினோரு வருஷத்துக் கோபம், லிஃப்ட் கதவு திறந்த இரண்டாவது நிமிஷம் அண்ணன் கட்டிப்பிடித்து அழுகிறான், மூன்றாவது நிமிஷம் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். செருப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போன பெண்ணா இவள்? நல்லா எழுதத் தெரிந்தவள் ஏன் இப்படிப் பறக்கிறாள் என்று வீடு வரும்வரை யோசித்தேன், வாசலில் செருப்பைக் கழற்றும்போது விளங்கியது. பேக்கரி கதவு வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பறந்து பறந்து சொல்லுவாயே, அதே ஓட்டம். அது உன் தப்பில்லை, என் ஷிஃப்ட். அந்த அவசரத்திலும் எனக்காக நீ முடித்துக் கொடுத்த ஒரு கதையையும் நான் மறக்கவில்லை, மாவு பிசையும்போதெல்லாம் அதுதான் எனக்குத் துணையாக இருந்தது.

அதனால் அடுத்த கதையை அப்படி முடிக்காதே. அதிலும் இப்படி ஒரு கதவு திறந்தால், இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கட்டும். கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பொய் சொன்னதற்கு அப்பா மேல் கோபம் இருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ நன்றாக இருப்பாய், உன் கை எழுதுவதெல்லாம் நல்லபடியாக வரும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. எண்ணெய் விஷயத்தை மறக்காதே, அம்மா மறுபடி நினைவுபடுத்துகிறாள். புதுக் கதையின் முடிவை எழுதியதும் எனக்குப் போன் பண்ணி நிதானமாகச் சொல், முழுவதும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஆறு மணிக்கு இனி எங்கேயும் போக வேண்டியதில்லாத உன் அப்பா.