என் இடது கையை எரிக்காதே

என் மகாராணிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் நலமா? உன் அண்ணன் எப்படி இருந்தாலும் சரி.

இந்த அருங்காட்சியகத்தில் என்னைக் கேட்காமல் ஓர் எலும்பும் அசையாது. நான் பெட்டி தூக்குபவன் என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள். நேற்று ஆராய்ச்சி அம்மா, மூவாயிரம் வருடத்துக்கு முன் புதைத்த ஒருவனின் கை எலும்பைக் காட்டினார்கள்.

“இது கீழே விழுந்து உடைஞ்சதில்ல. தலைக்கு வந்த அடியைக் கையால தடுத்திருக்கார்.”

நான் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினேன். அதே இடது கை, அதே இடத்தில் எலும்பு உடைந்து கூடிய முண்டு.

“உங்களை யாரு அடிச்சது?” என்று கேட்டார்கள்.

“என் மச்சான். இவனையும் மச்சான்தான் அடிச்சிருப்பான்.”

“இருக்கலாம்” என்று சிரித்தார்கள். அதாவது, ஆராய்ச்சியில் முடிவாகிவிட்டது.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உன் அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னான். நீயும் நம்பினாய். இந்தக் கடிதத்தை அவன் எதிரிலேயே சத்தமாகப் படி. நான் செத்தால் எரிக்காதே, புதை. மூவாயிரம் வருடம் கழித்தாவது என் எலும்பு அவனைக் காட்டிக்கொடுக்கட்டும்.

வலித்தைலம் ஒரு புட்டி அனுப்பு. குளிரில் அந்தக் கை குடைகிறது, தேய்த்துவிட ஆளில்லை. பெட்டி தூக்கக் கூப்பிடுகிறார்கள்.

இப்போதாவது நீ நம்புவாய் என்று காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்