அப்பாவிடம் மிஞ்சிய ஒரே சொல்

வெஸ்டரோலன்,
பிப்ரவரி

அன்பு மகள் இங்வில்லுக்கு,

அம்மா எழுதுவது. நான் உடம்பால் நலம், மனசுதான் கொதித்துக் கிடக்கிறது. அங்கே சிலியில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கக் கர்த்தர் அருள் செய்யட்டும். இங்கே குளிர்கால இருட்டு முடிந்து சூரியன் மலைக்கு மேல் தலைகாட்டிவிட்டது, காட் மீனும் வந்துவிட்டது, அப்பாவின் படகு மட்டும் துறையிலேயே கிடக்கிறது.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போனது உனக்குத் தெரியும், ஆனால் ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபான்! பிசாசின் பெயர்! படகில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், இந்த வீட்டுக்குள் அது நுழையக் கூடாது என்று கல்யாணமான அன்றே சொல்லிவைத்தேன், அவரும் மீறியதில்லை. இப்போது காபி வேண்டுமென்றாலும் ஃபான், குளிருகிறது என்றாலும் ஃபான், என்னைக் கூப்பிடுவதும் ஃபான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். தெற்கிலிருந்து வந்திருக்கும் புதுப் பாதிரியார் ஜெபம் செய்ய வந்தார், நான் ஆமென் சொல்ல, அப்பா கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு ஃபான் என்றார், எனக்கு மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பாதிரியாரோ உற்சாகமாகிவிட்டார், "அது ஃபான்டன்ங்கிறதோட சுருக்கம்மா, ஆதியில பகைவன்னு அர்த்தம்னு சிலர் சொல்றாங்க, தெக்கே கடல் தாண்டி பிரீசியாப் பக்கத்துலேருந்து வந்தது, சோதிக்கிறவன்னு அர்த்தம்னு வேற சிலர் சொல்றாங்க" என்று என் வாஃபிளையெல்லாம் தின்றபடி பாடம் நடத்தினார். "யாரா இருந்தா என்ன, என் சமையக்கட்டுல வந்து உக்காந்திருக்கானே, எப்படிக் கிளப்புறதுன்னு சொல்லுங்க" என்றேன், அவர் அடுத்த வாஃபிளை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு யோர்டிஸ் வேறு, "விடு குன்வோர், நம்ம வடகோடிக் கடற்கரை ஆம்பளைக்கு அந்த ஒரு வார்த்தை போதும், மத்ததெல்லாம் அலங்காரம்" என்று சிரிக்கிறாள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லி நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன். நேற்று போன் செய்தால் அங்கே வேலை செய்யும் பெண், "பயிற்சி தர்றவங்க வேலையை விட்டுட்டாங்க, கோடைக்கு அப்புறம் பார்க்கலாம், அதுவரைக்கும் அவர்கிட்ட நிறையப் பேசுங்க" என்றாள். போனை வைத்தேன், என் வாயிலிருந்து வந்தது அந்தச் சொல், சன்னமாக அல்ல, கூரை அதிரும்படி. அப்பா திகைத்து என்னையே பார்த்தார். பிறகு பாதி வாயால் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வழியும்வரை சிரித்தார், பக்கவாதத்தில் விழுந்ததற்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதுவிட்டேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அப்பாவிடம் தருகிறேன். அவர் சொல்வதைக் கேட்டுப் பதறி வைத்துவிடாதே, எந்தக் குரலில் சொல்கிறார் என்று மட்டும் கேள்.

உன் அம்மா,
குன்வோர்